மாத்திரைக்குள் மருந்து

திருவண்ணாமலையில் இயற்பியல் தெரியாதவர்கள் ரொம்பவும் கம்மி. செங்கம் ரோட்டில் எந்த காபிக் கடையில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையில் ஒருவர் இன்னொருவருக்கு குவாண்டம் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்பவர் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கலாம், பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். கேட்பவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். எல்லாம் அதிர்வு, எல்லாம் அலை, எல்லாம் ஒன்று. அதிர்வைப் பற்றிய ஒரே ஒரு சமன்பாட்டோடு என் இருபதுகளை முழுசாகக் கழித்தவள் நான். இந்த ஊரில் குவாண்டம் பற்றி வாய் திறக்கத் தயங்கும் ஒரே ஆளும் அநேகமாக நான்தான்.

பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) போடுகிற குடும்பம். படிப்பு வந்ததால் என்னைத் தடுக்கவில்லை. எதுவரை வரும் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கணித இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். என் நெறியாளர் மனித குலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: நிரூபிக்கிறவர்கள், ஸ்க்ரூ முடுக்குகிறவர்கள். சோதனைக்கூடம் இருக்கும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டுதான் சாப்பிடப் போவார். எதற்காவது பயன்படும் கணிதம் என்றால் அவருக்கு முகம் சுளிக்கும். ஏதோ நல்ல குடும்பத்துப் பிள்ளை ஓடிப்போன மாதிரி பேசுவார்.

எனக்கு அவர் கொடுத்த வேலை இது. மின்னூட்டம் உள்ள ஒரு துகளை, மாறி மாறித் திசை திரும்பும் ஒரு மின்புலத்தில் விட்டால் அது உள்ளேயே ஆடிக்கொண்டிருக்குமா, வெளியே பறந்துவிடுமா? எந்தெந்த நிலையில் நிற்கும், எந்தெந்த நிலையில் ஓடும் என்று எல்லை போட வேண்டும். நான் போட்டேன். வருடக்கணக்கில் போட்டேன். என் ஆய்வேட்டை முழுசாகப் படித்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். எல்லோரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். நெறியாளர் அதில் இருப்பாரா என்பது சந்தேகம்.

பட்டம் வந்தது. வேலை வரவில்லை. போன நேர்காணல்களில் எல்லாம் ஒரே கேள்வி: "இதனால என்ன பயன்?" பயன் என்று சொல்லக் கூடாது என்றே பழக்கப்பட்டவள், விழித்தேன். கடைசியில் ஒரு ஆய்வகத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே மூலக்கூறுகளை எடை போடும் கருவி ஒன்று இருந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பொருளை ஆவியாக்கி, அதன் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, நான்கு உலோகத் தண்டுகளுக்கு நடுவே ஓடவிடுவார்கள். தண்டுகளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும். சரியான எடை உள்ளது மட்டும் ஆடி அசைந்து அந்தக் கடைசிக்குப் போய்ச் சேரும். மற்றதெல்லாம் தண்டில் மோதிச் செத்துப்போகும்.

முதல் நாள் மூடியைத் திறந்து அந்த நான்கு தண்டுகளைக் காட்டினார்கள். அது என் சமன்பாடு. வருடக்கணக்கில் காகிதத்தில் ஆடிக்கொண்டிருந்த துகள் இங்கே நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. எனக்கு யாரும் சொல்லவில்லை. நெறியாளரிடம் போனில் சொன்னேன். "அப்படியா, பாவம்" என்றார். எனக்காகச் சொன்னாரா, சமன்பாட்டுக்காகச் சொன்னாரா தெரியவில்லை.

அப்பாவுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. "எடை போடற வேலைப்பா. ரொம்பச் சின்னதா இருக்கறதை."

"எடை போடறதுக்கா இவ்ளோ வருசம் படிச்சே?" என்றார். மண்டியில் மூட்டை எடை போடுகிறவன் ஐந்தாம் வகுப்பு கூடத் தாண்டாதவன்.

கருவி என் கணித கர்வத்தை ஒரே மாதத்தில் கழற்றி வைத்தது. நான் போட்ட எல்லைகளில் துகள் சுத்தமானது, தண்டு சுத்தமானது, உலகமே சுத்தமானது. நிஜத்தில் யாரோ கையுறை இல்லாமல் தொட்ட விரல் எண்ணெய் ஒன்று போதும், நாள் முழுக்க அந்த எண்ணெய்தான் திரையில் தெரியும். என் ஷாம்பு தெரிந்தது. மத்தியானம் கழுவிய சாப்பாட்டு டப்பாவின் சோப்பு தெரிந்தது. ஸ்க்ரூ முடுக்கக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே முடுக்கினேன்.

கல்யாணம் திருவண்ணாமலையில். மாமனார் போன பிறகு மாமியார் தனியாக இருக்கிறார் என்று கணவர் இங்கே மாற்றல் வாங்கினார்; நானும் கூடவே வந்தேன். எனக்கு ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியர் வேலை. தாளாளருக்கு ஏற்கெனவே இரண்டு லாட்ஜும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன. கல்லூரியையும் அதே நிர்வாகத் திறமையோடுதான் நடத்தினார்: அறை நிறைய வேண்டும், வந்தவர்கள் போகும்போது நல்லபடி பேச வேண்டும்.

தரச்சான்றுக் குழு வருகிறது, ஏதாவது பெரிய கருவியாக இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, எங்கோ மூடிப்போன ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து பழைய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். "உங்க சப்ஜெக்ட்தானே மேடம்? ஓட வைங்க. ஓடலைன்னாலும் லைட் எரியணும்." ஓட வைத்தேன். அன்றிலிருந்து மாணவர்களுக்கு நான் 'மாஸ் மேடம்'. சினிமா ஹீரோ நடந்துவரும்போது அடிக்கிற விசிலை நான் வராந்தாவில் போகும்போது அடிப்பார்கள். என் ஆய்வு வாழ்க்கையில் கிடைத்த முதல் அங்கீகாரம் அது.

ஆயுத பூஜைக்குக் கருவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். கற்பூரத்தை அது மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டது. தீபாவளி தாண்டியும் எதை வைத்தாலும் கற்பூரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தாளாளரிடம் முறையிட்டேன். "பக்தியா இருக்குது மேடம், விடுங்க" என்றார்.

அந்த வருடம் அறிவியல் தினத்துக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு வைத்தியரை அழைத்தார். செங்கம் ரோடு பக்கம் மூலிகை மருத்துவமனை வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, கருகருவென்ற தாடி, பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. 'மலையும் குவாண்டமும்' என்று பேசினார். "எலக்ட்ரானுக்குப் பாக்கறவங்க மனசு தெரியும். நம்ம மலைக்கும் தெரியும். அப்போ மலை இன்னா? பெரிய எலக்ட்ரான்!" அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. அந்த மேடையில் அதிர்வைக் கணக்குப் போட்டுச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். எனக்கு நன்றியுரை கொடுத்திருந்தார்கள். நன்றி சொன்னேன்.

முன்வரிசையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். நான்தான் காரில் கூட்டி வந்திருந்தேன். எழுபதைத் தாண்டியவர், இரண்டு முட்டியும் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. நான் முனைவர் பட்டம் வாங்கியதை அவர் ஒருநாளும் மன்னிக்கவில்லை. "டாக்டர்னு பேரு. ஒரு ஊசி போடத் தெரியாது" என்று என் எதிரிலேயே அக்கம்பக்கத்தாரிடம் சொல்வார். கூட்டம் முடிந்ததும் நேராக வைத்தியரிடம் போய்த் தன் முட்டியைக் காட்டினார். வைத்தியர் முட்டியைத் தொட்டுக் கண்ணை மூடினார். முட்டியில் அதிர்வு கம்மியாக இருந்ததாம். மறுநாளே ஒரு டப்பா பழுப்பு நிற மாத்திரை வீட்டுக்கு வந்தது. மலை மூலிகை, வேறெதுவும் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததை அதிசயம் என்றுதான் எங்கள் தெருவே பேசியது. கட்டிலிலிருந்து எழுந்து நிற்க என் கணவரின் தோள் வேண்டியிருந்தவர், ஒரே வாரத்தில் மாடிப்படி ஏறித் துணி காயப்போட்டார். நல்ல பசி. நல்ல குஷி. காலையில் எழுந்து பாட்டுப் பாடினார். அவர் பாடுவார் என்பதே அவர் பிள்ளைக்குத் தெரியாது. பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலை சுத்திவிட்டு வந்து, வாசலில் நின்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். நான் படித்த இயற்பியல் மொத்தத்துக்குமான பதில் அதில் இருந்தது.

முகம் உருண்டையாகிவிட்டது. "பௌர்ணமி மாதிரி இருக்கீங்க பாட்டி" என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. பிறகு கையில் நீலநீலமாகத் திட்டுகள். கதவு லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனது. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தார். ஒரு காலை டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கல்லூரிக்குப் போனேன்.

மாத்திரையைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி, கருவியில் செலுத்தினேன். மூலிகைகளும் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். கீழே புல் மாதிரி சின்னச் சின்னதாக. அதற்கு நடுவே 393 என்ற எடையில் ஒரு கோடு, எங்கள் ஊர் ராஜகோபுரம் மாதிரி எழுந்து நின்றது.

ஒரு மூலக்கூறின் எடை தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடாது; ஒரே எடையில் பல பேர் உண்டு. அதனால் உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்தேன். இருபது குறைந்தது. ஃப்ளூரின் இருக்கிற ஸ்டீராய்டுதான் அப்படி முதலில் இருபதை உதறும். பிறகு இன்னொரு பதினெட்டு. மனப்பாடமாகத் தெரிந்த வரிசை அது. பக்கத்திலேயே குளோரின் உள்ள வலி மாத்திரை ஒன்று இரட்டைக் கோடாக நின்றுகொண்டிருந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மெடிக்கல் ஷாப்பில் டெக்ஸாமெதசோன் என்ற அந்த ஸ்டீராய்டை வாங்கிவந்து அதையும் ஓட்டினேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கோடு பிசகவில்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை எழுதாமல் விட முடியாது. அவ்வளவு சுத்தமான நிறமாலையை, அதாவது அந்தக் கோடுகளின் படத்தை, அந்தப் பழைய கருவியில் நான் அதுவரை எடுத்ததில்லை. கொஞ்ச நேரம் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், இதை ஒரு கிழவி மாதக்கணக்காகத் தினம் இரண்டு வேளை முழுங்கிக்கொண்டிருக்கிறாள், அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்பது உறைத்தது.

சாயந்திரம் மாமியார் எதிரில் உட்கார்ந்தேன். கணவர் பக்கத்திலேயே செய்தித்தாளை விரித்துக்கொண்டார், காலையிலேயே படித்து முடித்ததை.

"அத்தை, இந்த மாத்திரையில மூலிகை மட்டும் இல்லீங்க. இங்கிலீஷ் மருந்து கலந்திருக்காங்க. ஸ்டீராய்டு. வலி மாத்திரையும் இருக்கு."

"அப்போ உள்ள மருந்து இருக்குதுன்ற."

"இருக்கு. இருக்கக் கூடாத மருந்து இருக்கு."

"மருந்துல மருந்து இல்லாம வேற இன்னா இருக்கணும்? அதான் கேக்குது. நான்கூட வெறும் எல, தழைன்னு நெனச்சினு இருந்தேன்." அவர் முகத்தில் வைத்தியர் மேல் மரியாதை கூடிவிட்டது தெரிந்தது.

"ஒங்க மூஞ்சி உப்பியிருக்குதுங்க. இதனாலதான்."

"எனக்கு மூஞ்சில கொஞ்சம் சதை புடிச்சா ஒனக்கு ஏன் பொறுக்கல?"

"அத்தை, நான் மிஷின்ல பார்த்துட்டுச் சொல்றேன்."

"மிஷினுக்கு முட்டி வலிக்குதா?"

செய்தித்தாள் லேசாகக் குலுங்கியது. கணவர் சிரிக்கிறார் என்று புரிந்தது. அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

அறிவியலால் முடியாததை ஒரு கல் செய்தது. அடுத்த பௌர்ணமியில் மலை சுத்தும்போது காலில் குத்தியது. காயம் ஆறவே இல்லை. பயந்துபோய் அவரே, "எங்கயாச்சும் இட்டுனு போ" என்றார். ஊரில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனோம். சர்க்கரை எங்கேயோ ஏறி நின்றது. நான் நிறமாலையை எடுத்து நீட்டி, 393, இருபது, பதினெட்டு என்று ஆரம்பித்தேன். டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த வைத்தியர்? செங்கம் ரோடா, அவலூர்ப்பேட்டை ரோடா?" என்றார். அவர் கருவிக்கு மின்சாரம்கூட வேண்டியிருக்கவில்லை.

திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று அதே வகை மருந்தையே முறையாக எழுதிக்கொடுத்தார். ஆக, ஸ்டீராய்டைக் கண்டுபிடித்த நானே தினமும் காலையில் என் கையால் ஸ்டீராய்டு எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. மாமியார் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "அதத்தானே அவரும் குடுத்தாரு. அவரு குடுத்தா குத்தம், நீ குடுத்தா வைத்தியம்" என்பார். பதில் இருந்தது. நீளமான பதில். அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சொல்ல முடியாது.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தேன். ரெண்டு நாளில் தாளாளர் கூப்பிட்டார்.

"மேடம், மிஷின் காலேஜ் மிஷின். நீங்க கண்டுபிடிச்சா காலேஜே கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும். அவரு நம்ம ஆளு. ஊருக்கு எவ்ளோ வெளிநாட்டுக்காரங்கள இட்டுனு வராரு, தெரியுமா?" அவர்களெல்லாம் யாருடைய லாட்ஜில் தங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"சார், ஜனங்க உடம்பு கெட்டுப்போகுது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதே டப்பா. "இது என்னோடது. முதுகு வலிக்கு. நமக்குன்னு ஸ்பெஷலா செஞ்சு குடுக்கறாரு. இதுலயும் இருக்குமா?"

அப்போதுதான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன்; உருண்டையாகியிருந்தது. புதுப் புகைப்படங்களில் லட்சணமாக விழுகிறார் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் பேசிக்கொண்டது இதைத்தான்.

"பார்த்துச் சொல்றேங்க சார்" என்றேன். பார்த்தேன். ஸ்பெஷல் என்று அவர் சொன்னது சரிதான். அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டிருந்தார்கள். அதை அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் லீவு போட்டுச் சென்னைக்குப் போய் உடம்பைக் காட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் ஒரு சுற்றறிக்கை: நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் கருவியில் எந்த வெளி மாதிரியையும் பரிசோதிக்கக் கூடாது.

அதிகாரிகள் வந்தார்கள். என் நிறமாலை அவர்களுக்குச் செல்லாது; அவர்களே மாதிரி எடுத்து அவர்கள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் போன அன்றைக்கு வைத்தியரின் மருத்துவமனை பூட்டியிருந்தது. கொஞ்ச நாள் பூட்டியே இருந்தது. பிறகு இன்னும் பெரிய இடமாகப் பார்த்து, ரோட்டின் எதிர்ப்பக்கம் திறந்தார்கள். புதுப் பலகை வைத்திருந்தார்கள். காய்கறி வாங்கப் போனபோது ஸ்கூட்டியை ஓரம் கட்டிப் படித்தேன். 'கல்லூரி ஆய்வகத்தில் நவீன இயந்திரத்தால் பரிசோதிக்கப்பட்ட மூலிகைகள்.' பொய் என்று வழக்குப் போட முடியாது. பரிசோதித்தவளே நான்தானே.

கூட்டம் முன்னைவிட ஜாஸ்தி. மாமியார் வீட்டில் சொன்ன விளக்கம் தெருவில் பரவி, தெருவிலிருந்து ஊருக்குப் பரவியிருந்தது: அந்த வைத்தியர் மாத்திரையில் நிஜமாவே மருந்து இருக்குதாம், மருமக மிஷின்ல போட்டுப் பார்த்துச் சொல்லிடுச்சாம்.

மாமியாருக்குச் சர்க்கரை இறங்கியது. காயம் ஆறியது. முகம் பழையபடி நீளமாயிற்று, முட்டியும் பழையபடி வலித்தது. அதிகாலைப் பாட்டு நின்றுவிட்டது. அது எனக்குமே கஷ்டமாகத்தான் இருந்தது; நன்றாகத்தான் பாடினார். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி. அந்தப் பெண் முட்டியை மடக்கச் சொல்லும்போதெல்லாம் மாமியார் என்னைத்தான் திட்டுகிறார்.

சுற்றறிக்கை என்னைக் கட்டுப்படுத்தியதே தவிர ஊரைக் கட்டுப்படுத்தவில்லை. வீட்டு வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காகிதத்தில் மடித்த பொடி, சீசாவில் தைலம், பிளாஸ்டிக் பையில் லேகியம். நான் அனுமதி கேட்டு எழுதுவேன். ஸ்டீராய்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் தாளாளர் இப்போதெல்லாம் உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். முதுகு வலி அவருக்கும் திரும்ப வந்திருக்கிறது.

போன வாரம் வேட்டவலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து வந்திருந்தார். மாதக்கணக்காக ஒரு பொடி சாப்பிடுகிறாராம், இடுப்பு வலிக்கு. வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தார்.

"பயப்படாதீங்க. நல்லாப் பார்த்துட்டேன். கலப்படம் எதுவும் இல்லீங்க. சுக்கு, மிளகு, இன்னும் ரெண்டு மூணு மூலிகை. அவ்ளோதான்."

அவர் முகம் தொங்கிவிட்டது. "மருந்து எதுவுமே இல்லியா?"

"இல்லீங்க. சுத்தமான பொடி."

"அடப்பாவி!" என்று வாசலிலேயே குந்திவிட்டார். "இத்தினி நாளா ஏமாத்தினு இருக்கானே!"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் மாமியார் குரல் கொடுத்தார். "செங்கம் ரோட்டுக்குப் போம்மா. அங்க நல்லா கலந்து குடுப்பாரு."